பீரோ ஏன் முதலில் அடம்பிடிக்கிறது?

கனமான பீரோவைத் தனியாளாக நகர்த்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தோளைக் கொடுத்துத் தள்ளுவோம், அசையாது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்துவோம், அப்போதும் அசையாது. திடீரென்று 'கிறீச்' என்று பெயர்ந்து ஓடும். நாமும் தடுமாறிக்கொண்டு பின்னாலேயே போவோம்.

பீரோவின் எடை 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது தரையை அழுத்தும் விசை சுமார் 980 நியூட்டன். இதில் எத்தனை பங்கு உராய்வாக எதிர்த்து நிற்க முடியும் என்று சொல்லும் எண்தான் உராய்வுக் குணகம். நிற்கும்போது அது 0.5, நகரும்போது 0.4 என்று கொள்வோம். (எந்தத் தரை, எந்தக் கால், ஈரமா உலர்ந்ததா என்பதைப் பொறுத்து இது மாறும்.)

200 நியூட்டன் விசையில் தள்ளினால் உராய்வும் சரியாக 200 நியூட்டன் எதிர்க்கும். 400 கொடுத்தால் 400. ஓய்வுநிலை உராய்வு கேட்ட அளவுக்கு மட்டுமே பதில் கொடுக்கும். 490-ஐத் தாண்டினால் பிடி விட்டுப்போகும். அந்தக் கணமே எதிர்ப்பு 392-க்கு இறங்கிவிடுகிறது. நம் தோளோ இன்னும் 490-இல் முட்டிக்கொண்டிருக்கிறது. மிச்சமான 98 நியூட்டன்தான் பீரோவை ஓடவைத்து நம்மையும் தடுமாற வைக்கிறது. நகரத் தொடங்கியபின் 392 கொடுத்தாலே சீராகப் போகும். ஆகவே, முடிந்தவரை நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மறுபடி 490-இல் இருந்துதான் தொடங்க வேண்டும்.

இனி ஒரு செங்கல். படுக்கவைத்து இழுத்தால் ஒரு விசை தேவை. பக்கவாட்டில் நிறுத்திவைத்து இழுத்தால்? தரையைத் தொடும் பரப்பு குறைகிறது, உராய்வும் குறைய வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் குறைவதில்லை. லியொனார்டோ டா வின்சி 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைத் தன் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். அது வெளியே தெரியவில்லை. 1699-இல் பிரான்ஸின் இயற்பியலாளர் அமோந்தோன் மறுபடி கண்டுபிடித்துச் சொன்னார்.

பரப்பு ஏன் பொருட்டில்லை என்பதற்கு நல்ல விடை கிடைக்க 20-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்ற இரு விஞ்ஞானிகள் காட்டியது இது: வழவழப்பாகத் தெரியும் பரப்பும் நுண்ணோக்கியில் மலையும் பள்ளமுமாகத்தான் இருக்கும். ஒரு பரப்பை இன்னொன்றின்மேல் வைப்பது ஒரு மலைத்தொடரைக் கவிழ்த்து இன்னொரு மலைத்தொடரின்மேல் வைப்பதுபோல. சிகரங்கள் மட்டுமே முட்டும். 5 செ.மீ. பக்கமுள்ள எஃகுக் கட்டி ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். அதன் அடிப்பரப்பு 2,500 சதுர மில்லிமீட்டர். எஃகுத் தட்டின்மேல் வைத்தால், உண்மையில் தொடும் இடங்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு சதுர மில்லிமீட்டர் தேறாது.

அந்தச் சிகரங்கள் எடை தாங்காமல் நசுங்கி, எதிரே உள்ளதோடு ஒட்டிக்கொள்கின்றன. செங்கல்லை நிறுத்திவைத்தால் சிகரங்களின் எண்ணிக்கை குறைகிறது, ஆனால் ஒவ்வொன்றும் கூடுதலாக நசுங்குகிறது. மொத்தத் தொடுபரப்பு மாறுவதில்லை. எடையைக் கூட்டினால் மட்டுமே அது கூடும். இழுப்பது என்றால் இந்த ஒட்டுகளை அறுப்பது. நின்றுகொண்டே இருந்தால் ஒட்டு மெல்ல வலுப்பெறவும் செய்கிறது. பீரோவின் ஆரம்ப அடத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

சொரசொரப்பு கூடினால் உராய்வு கூடும் என்று பள்ளியில் படித்தது பாதிதான் சரி. தொழிற்சாலைகளில் நீளத்தைச் சரிபார்க்கப் பயன்படும் எஃகு அளவுக் கட்டைகளை அசாத்திய வழவழப்பாகத் தேய்த்திருப்பார்கள். இரண்டை ஒன்றோடொன்று தேய்த்து அழுத்தினால் பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும்.

கார் டயருக்கும் பீரோவின் கதைதான். சக்கரம் உருளும்போது டயர் தரையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் தரையோடு நிலைத்து நிற்கிறது. எனவே அங்கே வேலை செய்வது பலமான ஓய்வுநிலை உராய்வு. பிரேக்கை ஓங்கி மிதித்துச் சக்கரம் இறுகிவிட்டால் டயர் வழுக்கத் தொடங்கும், பிடி குறையும். சக்கரம் இறுகப்போகிறது என்று தெரிந்ததும் ஏபிஎஸ் (சக்கரம் இறுகாமல் தடுக்கும் அமைப்பு) பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பது இதனால்தான்.

உலர்ந்த சாலையில் குணகம் 0.7 என்று கொண்டால், 36 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நிற்க சுமார் 7 மீட்டர் வேண்டும். 72 கி.மீ. என்றால் 14 அல்ல, சுமார் 29 மீட்டர். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. இந்தக் கணக்கில் வண்டியின் எடைக்கு இடமே இல்லை: எடை கூடினால் நிறுத்த வேண்டிய சுமையும் கூடுகிறது, பிடிக்கும் உராய்வும் அதே அளவு கூடுகிறது. அந்த 29 மீட்டரும் பிரேக் பிடித்த பிறகு ஓடுவது மட்டும்தான். காலை எடுத்து மிதிக்க ஒரு நொடி ஆனால், அதற்குள் வண்டி இன்னும் 20 மீட்டர் போயிருக்கும்.