மரைக்குள் விரிந்த குண்டு

தாத்தா நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பங்களா அப்புவாக, அதாவது துரையின் சமையல்காரராக இருந்தவர். துரை சுட்டுக் கொண்டுவந்த மரையை (கடமானை) வெட்டும்போது கையில் தட்டுப்பட்ட குண்டொன்றை டின்னில் போட்டு வைத்திருந்தார். அது இப்போது என் மேசையில் இருக்கிறது. முன்பக்கம் காளான் குடைபோல விரிந்து, செப்பு உறை இதழ் இதழாகப் பின்னோக்கி மடிந்திருக்கிறது. பின்பக்கம் மட்டும் உருளை குலையவில்லை. அந்த உருளையில் சரிவாகச் சில கோடுகள்.

துரையின் துவக்கு மன்லிக்கர்-ஷோனவர். அதன் தோட்டா 6.5×54, அதாவது குழலின் உள்விட்டம் ஆறரை மில்லிமீட்டர் (குண்டின் குறுக்களவு சுமார் 6.7), பித்தளைக் கூட்டின் நீளம் 54. கிரேக்க இராணுவம் 1903இல் ஏற்றுக்கொண்ட வகை இது. பிரிட்டிஷ் வேட்டைக்காரர்களும் விரும்பி வாங்கினார்கள். இன்று அரிதாகிவிட்டதால், உலகில் இதை வைத்திருப்பவர்களுக்கு எந்தக் குண்டு பொருந்தும் என்பதே பெரிய கேள்வி.

அதன் பழைய குண்டு மெலிந்தது, நீளமானது, மூக்கு மழுங்கியது. எடை 10.4 கிராம். பெயர்பெற்ற .303 துவக்கின் குண்டு 11.3 கிராம், ஆனால் அது பருமன். எடையைக் குறுக்குப் பரப்பால் வகுத்துப் பாருங்கள்: மெலிந்த குண்டில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பின்னால் சுமார் 0.29 கிராம் நிற்கிறது, .303இல் 0.23தான். அலவாங்கை மலை மண்ணில் குத்தினால் ஆழமாக இறங்குவதும் இதனால்தான். அதே எடையுள்ள சம்மட்டி இறங்காது. ஆண் மரை 200 கிலோவைத் தாண்டும், தோலும் தடிப்பு. அதற்குள் போக இந்த நீளம் உதவியது.

ஆனால் ஊசிபோல் நுழைந்து மறுபக்கம் வெளியேறினால் விலங்கு காயத்தோடு காட்டுக்குள் ஓடி, எங்கோ கிடந்து துடித்துச் சாகும். குண்டு விரிய வேண்டும். மூக்கில் ஈயத்தைத் திறந்து விட்டு, மற்ற இடத்தைச் செப்பால் மூடினால், ஈரமான தசையின் அழுத்தம் ஈயத்தைப் பக்கவாட்டில் தள்ளும். உறை கிழிந்து மடியும். குடை அகல அகல எதிர்ப்புக் கூடும், குண்டு உள்ளேயே சக்தியை இறக்கி வைக்கும்.

இங்கேதான் வேகம் முக்கியமாகிறது. பழைய குண்டு நொடிக்கு ஏறக்குறைய 690 மீட்டரில் கிளம்பும். இன்றைய 6.5 குண்டுகள் பல 800ஐத் தாண்டும் தோட்டாக்களுக்காக, கெட்டியான உறையோடு செய்யப்பட்டவை. அவற்றை இந்தத் துவக்கில் போட்டால், தூரத்தில் வேகம் குறைந்தபின் சரியாக விரியாமலே போய்விடலாம். பெட்டியில் "6.5" என்று எழுதியிருப்பது மட்டும் போதாது.

அப்புறம் குழல். இதன் உட்பாதை நீளமான குண்டுக்காகவே வெட்டப்பட்டது. குட்டைக் குண்டு, குழலின் உட்சுவரில் வெட்டிய முறுக்கு வரிகளைத் தொடுவதற்கு முன் வெறும் இடத்தில் சற்றுப் பாய வேண்டியிருக்கும். கொஞ்சம் கோணலாக நுழைந்தாலும் குறி சிதறும். தோட்டாக்களை நிரப்பி வைக்கும் சுழல் அறையும் பழைய வடிவத்துக்கே அளவெடுத்தது. பழைய குழல்களில் சிலவற்றின் உள் அளவு இன்றைய வழக்கத்தைவிடச் சற்று அகலம் என்பதால், கைதேர்ந்தவர்கள் முதலில் மென்மையான ஈயத்துண்டைக் குழலுக்குள் தள்ளி வெளியே எடுத்து, அதை அளந்த பிறகுதான் குண்டு வாங்குவார்கள்.

மரைகள் இன்று சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவானது. காலைப் பனியில் மரைகள் பாதையோரம் மேய்வதைப் பார்க்கும்போது எனக்கு அந்த டின் ஞாபகம் வரும்.

சரி, அந்தச் சரிவான கோடுகள்? குழலின் வரிகள் பதிந்த தடம். நீளக் குண்டு காற்றில் கவிழாமலிருக்க வேகமாகச் சுழல வேண்டும். அதனால் சுமார் 20 சென்டிமீட்டருக்கு ஒரு முழுச் சுற்று என்று வரிகளை முறுக்கி வெட்டியிருக்கிறார்கள். கணக்குப்படி கோட்டின் சாய்வு 6 பாகை. பாகைமானியைப் பிடித்துப் பார்த்தேன், சரியாக அதை ஒட்டித்தான் வந்தது. 690 மீட்டரை 0.2ஆல் வகுத்தால், குழலை விட்டு வெளியேறும்போது இந்தச் சிறு ஈயம் நொடிக்கு 3,450 முறை சுழன்றிருக்கிறது.