தூறலுக்கு ஏமாறாத விதை

“பருவமழைக்கு முன்பே, புரட்டாசியிலேயே காய்ந்த மண்ணில் சோளம் போட்டுவிட்டால், நடுவில் ஒரு தூறல் விழுந்து, முளைத்துக் காய்ந்துவிடாதா?” என்று குடிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மேலாகப் போட்டால் காயும். 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், தூறல் வந்ததே விதைக்குத் தெரியாது.

காய்ந்த மண்ணில் தண்ணீர் இறங்கும் விதம் அப்படி. சிறு மழை ஒரு அடி ஆழத்துக்குப் பரவி மண்ணை லேசாக ஈரமாக்கும் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் மண்துகளைச் சுற்றி மெல்லிய படலமாக இருக்கும் நீர் இறுக ஒட்டிக்கொள்ளும், நகராது. மேலே உள்ள நுண்துளைகள் நிரம்பிய பிறகுதான் மிச்சத்துக்குக் கீழே போக வழி. மழை விட்டதும் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள்: மேலே கன்னங்கரேலென்று ஈரம், அடியில் சாம்பல் நிறப் புழுதி, நடுவே தெளிவான எல்லைக்கோடு. நன்றாகக் காய்ந்த கரிசலில் 5 செ.மீ. நனைய ஏறக்குறைய 10 முதல் 12 மி.மீ. மழை வேண்டும். 5 மி.மீ. தூறல் இரண்டரை செ.மீ.யோடு நின்று, வெயிலில் போய்விடும். 25 மி.மீ. பெய்தால் ஈரம் விதையைத் தாண்டி 10 செ.மீ. வரை இறங்கும், வேருக்கும் கிடைக்கும்.

இதெல்லாம் ஆழம் சீராக இருந்தால்தான். விதையை வீசிவிட்டுக் கல்டிவேட்டர் ஓட்டினால் ஒன்று 2 செ.மீ.யில், இன்னொன்று 9 செ.மீ.யில் கிடக்கும். முன்னது ஏமாறும், பின்னது முட்டி மேலே வராது. டிராக்டர் விதைப்பான் வாடகை வீண்செலவல்ல. வெடிப்பை உழுது மூடாத காட்டில் இந்தக் கணக்கே செல்லாது. தண்ணீர் நேராக வெடிப்பில் இறங்கிவிடும்.

விதையைக் கடினப்படுத்தியும் போடலாம். கிலோவுக்கு 350 மி.லி. தண்ணீர், அதில் 7 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய எடைக்கு வரும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். முளைப்பின் முதல் வேலைகள் முடிந்து நிற்கும். மழை வந்ததும் சீக்கிரம் கிளம்பும். வெள்ளை முனை எட்டிப்பார்க்கும் வரை ஊறவிட்டால் உலர்த்தும்போது செத்துவிடும்.

 

25 மி.மீ. பெய்துவிட்டு மூன்று வாரம் வானம் வெளுத்தால் இந்த உத்தியும் கைகொடுக்காது. அதனால் பாதிக் காட்டை மட்டும் முன்கூட்டி விதையுங்கள். மீதியை மழைக்குப் பின் போடலாம். ரொம்பத் தள்ளிப்போனால் குருத்து ஈ சோளத்தை விடாது. அந்தப் பாதியில் கார்த்திகையில் கொண்டைக்கடலை போடுவது மேல்.