புதுச் செடியா? பறிக்கும் முன் எண்ணுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் காசித்தும்பைகள் மட்டுமே நூறு சிற்றினங்களுக்கு மேல். பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லை. அவற்றில் சில, மழைக்காலத்தில் ஈரப்பாறையிலும் பாசி படிந்த மரத்திலும் இலைவிட்டுப் பூத்து, மழை ஓய்ந்ததும் கிழங்காக அடங்கிவிடுபவை. இதுவரை பார்த்திராத ஒன்று கண்ணில் பட்டால் கை தானாகப் பறிக்கப் போகும். பொறுங்கள். பூத்த செடி எத்தனை, நாற்று எத்தனை, எவ்வளவு பரப்பில் நிற்கின்றன என்று முதலில் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு எடுக்கலாம் என்பதை அந்தக் கணக்குதான் சொல்லும்.

புதுச் சிற்றினத்துக்கு வைக்கும் பெயர் செல்லுபடியாகத் தாவரப் பெயரிடல் விதிகள் கேட்பது லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விளக்கம், ஒரு வகைமாதிரி (அந்தப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் மாதிரி), அது வைக்கப்பட்ட ஹெர்பேரியத்தின், அதாவது உலர்தாவரக் காப்பகத்தின், பெயர். வகைமாதிரி ஒன்றே போதும். பத்துப் பதினைந்து செடிகளே இருக்கும் இடத்தில், எல்லா ஹெர்பேரியத்துக்கும் செடி ஒட்டிய தாள் ஒவ்வொன்று என்று பிடுங்குவது தவறு. ஓர் இலையும் ஒரு பூத்தண்டும் எடுங்கள். கிழங்கைப் பாசி விலக்கி, இருந்த இடத்திலேயே அளந்து படமெடுத்து, மறுபடி மூடிவிடுங்கள். வனத்துறை அனுமதி முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, புதுச் சிற்றினத்தின் மாதிரியை அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைப்பதும் கட்டாயம்.

காசித்தும்பைப் பூவை முழுதாக அழுத்தினால் கூழாகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எதையும் அளக்க முடியாது. ஆகவே ஒரு பூவையாவது பச்சையாகவே பிரித்துவிடுங்கள். மேலிதழ், இருபுறமும் இணைந்த பக்க இதழ்கள், சிறு புல்லிகள், தேன் தேங்கும் வாலோடு கூடிய கீழ்ப்புல்லி ஆகியவற்றை ஈரத்தாளில் வரிசையாகப் பரப்பி, அளவுகோல் வைத்துப் படமெடுக்க வேண்டும். இன்னொரு பூவை 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். அதில் நிறம் வெளுத்துவிடும் என்பதால் நிறத்தை அங்கேயே எழுதிவிடுங்கள். டிஎன்ஏ ஆய்வுக்கு இலைத்துண்டு ஒன்று போதும். அதன் எடையைப்போல் குறைந்தது பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) வைத்தால்தான் சீக்கிரம் உலரும்.

அடுத்தது ஒப்பீடு. பலர் சறுக்குவது இங்கேதான். பழைய தாவரநூலில் பொருந்தவில்லை என்பதாலேயே ஒன்று புதிதாகிவிடாது. நெருங்கிய சிற்றினங்களின் வகைமாதிரிகளையே பார்க்க வேண்டும். கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம், கொல்கத்தா, லண்டன் கியூ ஆகிய இடங்களில் தேடுங்கள். வாலின் நீளம் ஒரே கூட்டத்துக்குள்ளேயே மாறும். வெவ்வேறு செடிகளின் பூக்களைச் செடியிலேயே வைத்து அளக்காமல் 'வால் நீளமானது' என்று எழுதினால் அந்தப் பெயர் நிலைக்காது. இளஞ்சிவப்புக் கூட்டத்தில் ஒரு வெள்ளைப் பூ பூப்பதும் புதுச் சிற்றினம் ஆகாது.

'ஒரே இடத்தில்தான் கண்டோம், ஆகவே அழியும் தறுவாயில் உள்ளது' என்ற வரி பல கட்டுரைகளில் வருகிறது. அழியும் ஆபத்தைத் தரப்படுத்திச் சிவப்புப் பட்டியல் வெளியிடும் சர்வதேச அமைப்பான ஐயுசிஎன்னின் அளவுகோல் அப்படிச் சொல்லவில்லை. செடி இருக்கும் பரப்பை 2×2 கி.மீ. கட்டங்களாகக் கணக்கிடுகிறார்கள், ஒரு கட்டம் என்றால் 4 ச.கி.மீ. மொத்தப் பரப்பு 10 ச.கி.மீ.-க்குக் கீழே இருப்பது மட்டும் போதாது. ஒரே இடம் அல்லது கடுமையான துண்டுபடல், தொடர்ந்த சரிவு, தீவிர ஏற்ற இறக்கம் என்ற மூன்றில் இரண்டுக்குச் சான்று வேண்டும். முதிர்ந்த செடிகள் 50-க்குக் குறைவு என்றால் வேறு பிரிவின்கீழ் நேராகவே அந்த நிலை கிடைக்கும். முதலில் எடுத்த கணக்கு அப்போது கைகொடுக்கும். எடுத்துக்காட்டாக, கேமரூனின் எபோ காட்டிலிருந்து 2022-இல் விவரிக்கப்பட்ட யுவேரியாப்சிஸ் டிகாப்ரியோ என்ற மரம் நம் சீத்தாவின் குடும்பம். ஆய்வாளர்கள் கண்டது 50-க்கும் குறைவான மரங்களே. ஆனால் நீங்கள் பக்கத்து ஓடைகளைத் தேடாமல் விட்டிருந்தால் 'தரவு போதாது' என்று போடுவதே நேர்மை. கட்டுரையில் எழுதிய நிலை தானாகச் சிவப்புப் பட்டியலில் ஏறாது. மதிப்பீட்டைத் தனியாக அனுப்ப வேண்டும்.

இடக்குறிப்பில் கவனம் தேவை. ஆர்க்கிட் போன்ற அலங்காரச் செடிகளின் துல்லியமான இடம் அச்சில் வந்தால், பிடுங்கி விற்பவர்களுக்கு நாமே வழிகாட்டியது போலாகும். கட்டுரையில் மாவட்டம், மலை, உயரம் மட்டும் கொடுங்கள். முழு ஆயத்தொலைவுகளை (ஜிபிஎஸ் காட்டும் இட எண்கள்) ஹெர்பேரியத்துக்கும் வனத்துறைக்கும் கொடுங்கள். கைப்பேசிப் படத்துக்குள்ளும் ஜிபிஎஸ் விவரம் பதிந்திருக்கும். அதை நீக்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.