வீசிங்குக்குப் பின்னால் புழு

வீசிங்கோடு வருகிறவர்களுக்கு இன்ஹேலர் எழுதும்போது, "மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகியிருக்கிறது, அதைத் தளர்த்துகிறோம்" என்று சொல்வது வழக்கம். சரிதான். ஆனால் அந்தத் தசைக்கு இறுகுவது மட்டும் வேலையில்லை. நுரையீரலுக்கு வரும் குடற்புழுவை எதிர்ப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

குடற்புழுவுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்பார்கள். உருண்டைப்புழுவின் முட்டை குடலில் பொரிந்ததும், லார்வாக்கள் (இளம்புழுக்கள்) குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு கல்லீரல் வழியாக நுரையீரலுக்கு வருகின்றன. காற்றறைகளைக் கிழித்துக்கொண்டு தொண்டை வரை ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு மறுபடி குடலுக்கே போகின்றன. 1922-ல் ஷிமேசு கொய்னோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் 2000 முட்டைகளைத் தானே விழுங்கி, தன் சளியிலேயே லார்வாக்களைக் கண்டார். துணிச்சல்தான், யாரும் பின்பற்ற வேண்டாம்!

லார்வா கிழித்த இடத்தில் மூச்சுக்குழாயின் உள்படலச் செல்கள் இன்டர்லூகின்-33 போன்ற அபாய அறிவிப்புகளை வெளியிடுகின்றன. அதற்கு ஓடிவரும் நோயெதிர்ப்புச் செல்கள் இன்டர்லூகின்-13 என்ற இன்னொரு சமிக்ஞைப் பொருளைச் சுரக்கின்றன. தசைச் செல்லில் இதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி உண்டு. அதனால் தசை எளிதில் இறுகுகிறது. அதோடு இயோடாக்சின் என்ற வேதிப்பொருளையும் தானே சுரக்கிறது. புழுவை எதிர்க்கும் இயோசினோபில் வெள்ளணுக்களை அந்த இடத்துக்கு இழுப்பது இதுதான். உத்தரவுக்குக் கட்டுப்பட்டுச் சுருங்கும் வெறும் தசை என்று இதை இனியும் நினைக்க முடியாது. ஆஸ்துமா ஆய்வுகள்தான் இதில் பெரும்பகுதியை வெளிக்கொண்டுவந்தன.

விளைவு, நோயாளிக்கு வறட்டு இருமல், இளைப்பு, சில சமயம் லேசான காய்ச்சல். எக்ஸ்ரேயில் இடம் மாறும் நிழல்கள், ரத்தத்தில் இயோசினோபில் அதிகம். 1932-ல் லோஃப்லர் என்ற சுவிஸ் மருத்துவர் விவரித்த நோய் இது. மலப் பரிசோதனையில் இந்தக் கட்டத்தில் ஒன்றும் தெரியாது. புழு வளர்ந்து முட்டையிட 2, 3 மாதம் ஆகும். "புழு இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டதே" என்பதை அப்போது அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும்.

என்னைக் கவலைப்பட வைப்பது ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழு. அது உடலுக்குள்ளேயே பெருகி, பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். இளைப்பை ஆஸ்துமா என்று எண்ணி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால், புழுவைக் கட்டுக்குள் வைத்திருந்த உடலின் எதிர்ப்பு தளர்ந்து, லார்வாக்கள் உடலெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் புழுத்தொற்று பரவலாக உள்ள பகுதியில் வாழ்ந்தவர் என்றால், ஸ்டீராய்டு தொடங்கும் முன் ரத்தத்தில் ஆன்டிபாடி பரிசோதனை செய்துவிடுவது நல்லது. ஒரே ஒரு மலப் பரிசோதனை இந்தப் புழுவைப் பல சமயம் தவறவிடும். இருப்பது உறுதியானால் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து முதலில்.