பெடல் கவர் மாட்டச் சோப்புத் தண்ணீர் வேண்டாம்

ஊட்டியிலும் குன்னூரிலும் கார் அலங்காரப் பொருள் விற்கும் கடைகளில் அலுமினிய ஸ்போர்ட்ஸ் பெடல் கவர் இப்போது நன்றாக விற்கிறது. கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் மூன்றுக்கும் பளபளவென்று ஒரு செட். வாங்கிய இடத்திலேயே பத்து நிமிடத்தில் மாட்டியும் தருகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நடக்கும் ஒரு காரியத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கவரின் பின்பக்கம் ஒரு ரப்பர் உறை இருக்கும். பெடல் தகட்டின் விளிம்பை நான்கு பக்கமும் கவ்விப் பிடிப்பது அதுதான். மலைக் குளிரில் இந்த ரப்பர் விறைத்துப்போய்ச் சுலபத்தில் ஏறாது. உடனே ஒரு மூடி ஷாம்பூவைத் தண்ணீரில் கலக்கி உள்ளே தடவுவார்கள். வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். ஆனால் தடவிய ஷாம்பூ எங்கும் போவதில்லை. தகட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே மெல்லிய படலமாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். மழைநாளில் நனைந்த செருப்போடு ஏறி உட்கார்ந்தால் தண்ணீர் பெடலின் ஓரமாக உள்ளே இறங்கும். காய்ந்தது மறுபடி சோப்பாகிவிடும். எந்த வழுக்கலால் கவர் ஏறியதோ அதே வழுக்கலால் கழன்று வரும்.

இது ஊகம் அல்ல. 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் சைபர்ட்ரக் என்ற தன் மின்சார பிக்கப் வண்டிகள் 3,878-ஐத் திரும்ப அழைத்தது. ஆக்சிலரேட்டர் பெடலின் மேல் தகடு நழுவி முன்னே போய், உள் அலங்காரப் பலகையின் இடுக்கில் மாட்டிக்கொண்டு பெடலை அமுங்கிய நிலையிலேயே நிறுத்தக்கூடும் என்பது காரணம். தகட்டைச் சுலபமாகப் பொருத்துவதற்காகத் தொழிற்சாலையில் சோப்பைப் பயன்படுத்தியதும், அதன் மிச்சம் பிடிமானத்தைக் குறைத்ததும்தான் விசாரணையில் தெரியவந்தது. பிறகு அந்தத் தகட்டை ரிவெட் அடித்து நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய தொழிற்சாலையிலேயே நடந்தது கடைவாசலில் நடக்காது என்று இருக்க முடியாது.

சமவெளியில் கவர் கழன்றால் காரை ஓரங்கட்டலாம். இங்கே அப்படி இல்லை. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் போனால் ஐம்பது சொச்சம் கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,900 மீட்டர் இறங்குகிறோம். குன்னூருக்குக் கீழே மட்டும் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36. செகண்ட் கியரில் இன்ஜின் பிடிப்பில் இறங்கினாலும் ஒவ்வொரு வளைவிலும் கால் பிரேக்குக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஏற்றத்தில் முன்வண்டி நின்றுவிட்டால் கிளட்சைப் பாதி விட்டு ஹாஃப் கிளட்சில் காரைப் பிடித்து நிற்கிறோம். அந்த நேரத்தில் கிளட்சிலிருந்து கால் வழுக்கினால் கார் பின்னால் உருளும், அல்லது குதித்து முன்வண்டியில் இடிக்கும்.

ஆக, சோப்பு, ஷாம்பூ, எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். கவரை ஐந்து நிமிடம் வெந்நீரில் போட்டு எடுத்து, ஈரம் போகத் துடைத்தால் ரப்பர் இளகிவிடும். அப்போதும் ஏறவில்லையென்றால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை இரண்டு சொட்டு தடவலாம். அது மிச்சம் வைக்காமல் ஆவியாகிவிடும். மாட்டுவதற்கு முன் பெடலையும் அதே ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். வாட்டர் வாஷ் செய்யுமிடத்தில் டாஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கான் பாலிஷைப் பெடல் ரப்பருக்கும் சேர்த்துத் தேய்த்து மினுக்கிவிடும் பழக்கம் உண்டு. அதன் மேல் எந்தக் கவரும் நிற்காது. கவர் இல்லாத காருக்கும் அது ஆபத்துதான். அடுத்த முறை வாஷுக்கு விடும்போது பெடலைத் தொட வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உறை நான்கு பக்கமும் முழுதாக ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். கீழ் விளிம்பு பாதி ஏறி நிற்பதுதான் அதிகம் காணும் குறை. மேலிருந்து பார்த்தால் தெரியாது. பிறகு இரண்டு கையாலும் பிடித்து முறுக்கி இழுங்கள். கைக்கு அசைவது காலுக்குக் கழலும்.

டபுள் சைடு டேப்பால் ஒட்டும் வகையைப் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் சேர்க்கவே வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து. நல்ல டேப்பும் பத்து டிகிரிக்கு மேல் ஒட்டினால்தான் பிடிக்கும், முழுப் பலம் வர மூன்று நாள் ஆகும். ஜனவரிக் காலையில் ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் புல் மேல் உறைபனி கிடக்கும்போது ஒட்டிய டேப்பில் என்ன பிடிமானம் இருக்கும்?

போல்ட் வகை உறுதியானது. ஆனால் ஓட்டை போட வேண்டும். கிளட்சும் பிரேக்கும் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் 5 மி.மீ. போல்டுக்கு 5.5 மி.மீ. துளை போட்டு, நைலான் பூண் உள்ள லாக் நட் போட்டு இறுக்கலாம். ஒரு பெடலுக்குக் குறைந்தது இரண்டு போல்ட். ஒன்று மட்டும் போட்டால் கவர் சுழலும். துளையின் ஓரத்தில் பெயின்ட் தொட்டு வையுங்கள், பனியும் மழையும் துருவை விரைவில் கொண்டுவரும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். நடுவில் மெல்லிய ரப்பர் ஷீட் வைத்தால் அது தள்ளிப்போகும்.

ஆக்சிலரேட்டர் கதை வேறு. இன்றைய கார்களில் அது பெரும்பாலும் பிளாஸ்டிக் பெடல், மேலே சென்சார் சேர்ந்த ஒரே அமைப்பு. அதில் துளை போடவே கூடாது. பிளாஸ்டிக் விரிசல் விட்டால் முழு அமைப்பையும் மாற்ற வேண்டிவரும். துளை போடாமல் கொக்கியால் பிடிக்கும் வகையிலும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனையைக் கவனிக்க வேண்டும். பெடலை முழுதாக மிதித்தால் அந்த முனை காலடியில் விரித்த மேட்டில் (மிதியடியில்) குத்தி நிற்கும். காலை எடுத்தாலும் பெடல் மேலே வராது. போல்ட் நட்டுக்கு வெளியே இரண்டு மரைக்கு மேல் நீட்டக் கூடாது, நீட்டினால் அறுத்து அரம் போட்டு மழுக்குங்கள். குளிருக்காகத் தடித்த மேட்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுகிறவர்கள் இங்கே நிறைய. பெடலில் மேட் மாட்டிக்கொள்ளும் அபாயத்துக்காகவே 2009-ல் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஒரே மேட் போதும், அதுவும் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும்.

அடுத்து அளவு. யுனிவர்சல் செட்டில் வரும் பிரேக் கவர் ஒரிஜினல் பெடலைவிடப் பக்கத்துக்கு ஐந்து, பத்து மி.மீ. அகலமாக இருக்கும். ஆட்டோமேட்டிக் காருக்கான அகலமான பிரேக் கவரை மேனுவல் காரில் மாட்டிவைத்திருப்பதையும் பார்க்கிறோம். மாட்டுவதற்கு முன்பே பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் உள்ள இடைவெளியை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மாட்டியபின் அது 50 மி.மீ.க்குக் குறைந்தால் அந்த செட் உங்கள் காருக்கு ஆகாது. கம் பூட் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் கூடுதல் இடம் வேண்டும். இல்லையேல் பிரேக்கை மிதிக்கும்போது பூட்டின் ஓரம் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து அமுக்கும்.

உயரமும் அப்படியே. பிரேக் பொதுவாக ஆக்சிலரேட்டரைவிடச் சற்று உயர்ந்து நிற்கும். கால் அந்த வித்தியாசத்துக்குப் பழகியிருக்கிறது. பிரேக்குக்கு மட்டும் தடித்த கவர் போட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து வரும் கால் பிரேக்கின் ஓரத்தில் இடித்து நிற்கும். இரண்டுக்கும் ஒரே தடிமன் இருக்கட்டும்.

வாங்கும்போது மேலே உள்ள ரப்பர் பொட்டுகளை விரலால் தடவிப் பாருங்கள். அலுமினியத்தைவிட ஒன்றரை, இரண்டு மி.மீ. எழும்பி நிற்க வேண்டும். பிடிமானம் முழுக்க அந்தப் பொட்டுகளில்தான். ஈரமான அலுமினியம் தனியாக வழுக்கும், தேயிலைத் தோட்டத்துச் செம்மண் சேறு ஒட்டினால் கேட்கவே வேண்டாம். பொட்டு தேய்ந்து தகட்டோடு சமமாகிவிட்டாலோ, இரண்டு மூன்று விழுந்துவிட்டாலோ கவரைத் தூக்கிப் போடுங்கள்.

எல்லாம் மாட்டியபின் இன்ஜின் அணைந்த நிலையில் ஆக்சிலரேட்டரை முழுதாக இருபது முறை மிதித்து விடுங்கள், ஒவ்வொரு முறையும் தடையில்லாமல் திரும்ப வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு பிரேக்கைப் பத்து விநாடி பலமாக அமுக்கிப் பிடியுங்கள். காலை எடுத்ததும் பின்னால் பிரேக் லைட் அணைகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு செருப்பை நனைத்துக்கொண்டு இதையே திரும்பச் செய்யுங்கள். முதல் நாளே மலை இறங்க வேண்டாம். போல்ட் வகையை 100 கிலோமீட்டரிலும் 500-லும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

இறக்கத்தில் ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டால் குனிந்து கையால் இழுக்கப் போகாதீர்கள். நியூட்ரல் போட்டு, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அமுக்காக அமுக்கி, காரை ஓரத்தில் நிறுத்தியபின் இன்ஜினை அணையுங்கள். இன்ஜின் இரைச்சலிட்டுக்கொண்டு சுற்றும், சுற்றட்டும். ஓடும்போதே சாவியைத் திருப்பினால் ஸ்டியரிங் கனத்துவிடும், சாவியை உருவினால் பூட்டியும் கொள்ளலாம்.

கழற்றிய ஒரிஜினல் பெடல் ரப்பர்களை ஒரு பையில் போட்டு டாஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். குன்னூருக்குக் கீழே பர்லியாறில் டீ குடிக்க நிறுத்தும்போது பிரேக் கவர் லேசாக ஆடுவது தெரிந்தால், அங்கேயே கழற்றிவிட்டு அந்தப் பழைய ரப்பரை மாட்டிக்கொண்டு மீதி மலையை இறங்கலாம்.