வெயிலுக்கு முன் எலுமிச்சை வேண்டாம்: வீட்டில் செய்யும் அழகுப் பொருட்கள் பற்றி ஒரு தோல் மருத்துவர்

ஏப்ரல், மே மாதங்களில் என்னிடம் வரும் கருமைத் திட்டுகளில் ஒரு வகை உண்டு. கன்னத்தில் ஒரு திட்டு இருக்கும். அங்கிருந்து தாடை வழியாகக் கழுத்துக்கு, ஏதோ வழிந்து ஓடிய மாதிரி ஒரு கோடு இறங்கும். வேறு காரணங்களால் வரும் கருமை பெரும்பாலும் இப்படித் தடம் போட்டு இறங்காது. "எலுமிச்சம்பழம் ஏதாவது தடவினியாம்மா?" என்று கேட்டால் அந்தக் கல்லூரிப் பெண் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள். அம்மா சொல்வார்: "தேனும் எலுமிச்சைச் சாறும்தான் டாக்டர். வீட்டுல செஞ்சது, கெமிக்கல் எதுவும் கிடையாது."

கெமிக்கல் இருக்கிறது. எலுமிச்சையில், அதிலும் குறிப்பாக அதன் தோலில், ஃபுரோகூமரின் என்ற பொருள் உண்டு. அது நம் சருமத்தில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் செல்கள் வெந்துபோகும். தடவியதும் எரிந்தால் உடனே கழுவிவிடலாம். இது அப்படி எச்சரிக்காது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் சிவந்து எரியும், சிலருக்குக் கொப்புளமும் வரும். அதற்குள் என்ன தடவினோம் என்பதே மறந்திருக்கும். சிவப்பு அடங்கிய பிறகு வரும் கருமை போக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். நம் ஊரில் கிடைக்கும் எலுமிச்சை வெளிநாட்டு வீடியோவில் பிழிகிற மஞ்சள் லெமன் அல்ல, லைம் வகை. ஃபுரோகூமரின் அதில் இன்னும் கூடுதல். நம்முடைய மாநிறத் தோலோ, சின்ன அழற்சி வந்தாலும் கருமையை விட்டுவிட்டுப் போகும். நிறம் கூட வேண்டும் என்று தடவியது இப்படித்தான் கறையாக நிற்கிறது.

இதே வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்த சோரலெனை நாங்கள் மருந்தாகவும் கொடுக்கிறோம். வெண்படைக்கு அதைக் கொடுத்து, அளந்த நேரம் மட்டும் புற ஊதாக் கதிரில் நிற்க வைப்போம். அளவு கொஞ்சம் கூடினாலும் வெந்துவிடும் என்பதால் விநாடிக் கணக்குப் பார்த்துச் செய்கிற சிகிச்சை அது. இப்போது உங்கள் வீட்டுக் குளியல் பொடியின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், இவற்றோடு பல வீடுகளில் கார்போகரிசியும் இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கொடுக்கிற அந்தக் கறுத்த விதையில்தான் சோரலென் இயற்கையாகவே இருக்கிறது. சித்த மருத்துவத்திலும் வெண்படைக்கு இது பயன்பட்டு வந்திருக்கிறது. சும்மா வாசனைக்குப் போடுகிற சரக்கு அல்ல, வீரியமுள்ள மருந்து.

அப்படியானால் பாட்டி காலத்திலிருந்து தேய்த்துக் குளித்தவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்பீர்கள். அவர்கள் பயன்படுத்திய விதம் வேறு. காயவைத்து அரைத்த பொடி, குளிக்கும்போது ஒரு கை எடுத்துக் குழைத்து, தேய்த்து, இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். தோலில் இருப்பது ஓரிரு நிமிடம்தான். இன்றைக்கு அதே பொடியைத் தயிரிலும் எலுமிச்சையிலும் குழைத்து, காய்ந்து இறுகும் வரை அரை மணி நேரம் முகத்தில் வைத்திருந்து, அரைகுறையாகத் துடைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வெயிலில் போகிறார்கள். சரக்கு பழசு, முறை புதுசு. நான் பார்க்கும் பாதிப்புகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியிலிருந்து வருகிறது. நலங்கு மாவு வேண்டாம் என்று நான் யாரையும் சொல்வதில்லை. கார்போகரிசியை விட்டுவிட்டு அரையுங்கள், தேய்த்ததும் கழுவிவிடுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது சேமிப்பு. கற்றாழையை வெட்டி மிக்ஸியில் அடித்து, அழகான கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஒரு மாதம் வைத்திருக்கிறார்கள். தண்ணீர்ப் பசை இருக்கிற எந்தப் பொருளிலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பூஞ்சை படியும் முன்பே, நிறமோ வாசனையோ மாறும் முன்பே, அது கெட்டுப்போயிருக்கலாம். "வைட்டமின் ஈ கேப்சூல் ரெண்டு போட்டிருக்கேன் டாக்டர், கெடாது" என்று அடிக்கடி கேட்கிறேன். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்குவாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமியைக் கொல்லாது. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் வளர்ச்சி மெதுவாகுமே தவிர நிற்காது. அரிசி ஊறவைத்த தண்ணீர், காய்ச்சிய ரோஜா நீர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அன்றைக்குத் தேவையானதை அன்றைக்குச் செய்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பொடியாக இருந்தால் ஈரக்கை படாமல் வைக்கலாம்.

கற்றாழை விஷயத்தில் இன்னொன்று. மடலை வெட்டியதும் பச்சைத் தோலை ஒட்டி மஞ்சளாக ஒரு பால் கசியும். பலருக்கு அரிப்பும் எரிச்சலும் தருவது அதுதான், உள்ளே இருக்கும் சோறு அல்ல. வெட்டிய மடலை ஒரு டம்ளரில் நிமிர்த்தி வைத்து, மஞ்சள் பால் முழுக்க வடிந்த பிறகு தோலைச் சீவி, சோற்றை நன்றாகக் கழுவி எடுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது குழந்தைகள். கரப்பான் வந்து வறண்டு வெடித்திருக்கும் தோலில் கடலைமாவு, பால், பாதாம் எண்ணெய் என்று தேய்க்கிறார்கள். வெடிப்பு வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால், உடல் அதைப் பகையாகப் பழகிக்கொண்டு பிறகு அதே உணவுக்கு ஒவ்வாமை காட்டக்கூடும். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கரப்பான் உள்ள குழந்தைக்கு மணமில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் போதும், குளித்த ஈரம் காய்வதற்குள் தடவ வேண்டும்.

வீட்டில் செய்யவே கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வது சன்ஸ்கிரீன். ஜிங்க் ஆக்சைடு பொடியை வாங்கித் தேங்காய் எண்ணெயில் கலக்கினால் அது சீராகப் பரவாது, இடையிடையே பாதுகாப்பில்லாத இடம் விட்டுப்போகும். சோப்பும் எளிதான வேலை அல்ல. காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். சின்னப் பிள்ளைகள் நடமாடும் சமையலறையில் அந்த டப்பா இருக்கவே கூடாது. செய்து விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அழகுப் பொருளை விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகள் சொல்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் விற்றாலும் விற்பனைதான்.

புதிதாக எதை அரைத்தாலும் முதலில் முகத்தில் போடாதீர்கள். முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் காலையும் மாலையும் தடவி, ஒரு வாரம் பாருங்கள். ஒரே தடவை தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துவிட வேண்டாம், ஒவ்வாமை வெளியே தெரியச் சில நாள் ஆகலாம்.

எரிச்சலோ சிவப்போ வந்துவிட்டால் தண்ணீரால் கழுவி, வெயிலில் போகாமல் இருங்கள். கறை போகட்டும் என்று ஸ்க்ரப் போட்டுத் தேய்த்தால் கருமை இன்னும் கூடும். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்கி நீங்களாகத் தடவவும் வேண்டாம். டாக்டரிடம் போகும்போது, தடவிய பொடியையோ புட்டியையோ கையோடு எடுத்துப் போங்கள். அதில் என்னென்ன போட்டீர்கள், எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள், அன்றைக்கு வெயிலில் போனீர்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்காக யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை.