"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்"

நோயாளியை உள்ளே விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டாரிடமிருந்து தணிந்த குரலில் வரும் வேண்டுகோள் இது. இனி குணமாகாது என்பதை நோயாளிக்குச் சொல்லக் கூடாதாம். இந்த மாதம் எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டாயிற்று.

அவருக்குத் தெரியும். பல நேரம் உங்களுக்கு முன்பே தெரியும். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. தூரத்து உறவெல்லாம் திடீரென்று வந்து பார்க்கிறது. அவர் கண் விழித்ததும் பேச்சு நின்றுபோகிறது. இதையெல்லாம் கோத்துப் பார்க்க மருத்துவம் படித்திருக்க வேண்டுமா? மறைப்பதால் அவர் பயத்தை அவர் தனியாகச் சுமக்கிறார், உங்கள் பயத்தை நீங்கள். நடுவில் "எல்லாம் சரியாகிடும்" என்றொரு நாடகம்.

"சொன்னால் மனசு உடைஞ்சு சீக்கிரம் போயிடுவார்" என்பீர்கள். பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. தொடக்கத்திலேயே நோய்த்தணிப்பு சிகிச்சையும் (வலியையும் அவதியையும் குறைக்கும் கவனிப்பு) சேர்த்துப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9. நோயைப் பற்றித் திறந்து பேசுவதும் அந்தச் சிகிச்சையில் ஒரு பகுதி. (சொன்னாலே ஆயுள் கூடும் என்று இதைத் திரித்துக்கொள்ளாதீர்கள்.)

சொல்வது என்றால் தலையில் கொட்டுவது அல்ல. முதலில் கேளுங்கள்: "உடம்பைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது?" பிறகு, "எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?" வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்த முடிவு அவருடையது, உங்களுடையது அல்ல.

வலியோடு கிடப்பவரிடம் வாழ்வின் நிறைவு பற்றிப் பேசாதீர்கள். கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரையில், மெதுவாகக் கரையும் வகை அல்லாத சாதாரண மாத்திரை எழுதித் தந்திருந்தால் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திராமல் கொடுங்கள். மலச்சிக்கல் வராமலிருக்க முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் வேண்டும். அடிமையாகிவிடுவார் என்று பாதி மாத்திரையை ஒளித்து வைக்காதீர்கள், தயவுசெய்து.

வலி அடங்கியதும் மனிதர்கள் தத்துவம் கேட்பதில்லை. தம்பியிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும், கடனைத் தீர்க்க வேண்டும், இத்தனை நாள் எதற்கு வாழ்ந்தோம் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும். கனடா மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் இதையே ஒரு சிகிச்சை முறையாக்கினார். எந்தக் காலத்தில் உயிர்ப்போடு இருந்தீர்கள், உங்களைப் பற்றி வீட்டார் எதை நினைவில் வைக்க வேண்டும் என்பது போன்ற சில கேள்விகளை முன்கூட்டியே கொடுப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பேச்சைப் பதிவுசெய்து, சில நாட்களில் எழுத்தாக்கி, அவருக்கே படித்துக் காட்டித் திருத்தி, அவர் விரும்பும் ஆளிடம் சேர்ப்பார்கள்.

வீட்டிலும் இந்த மாதிரி உட்கார்ந்து பேசலாம். கெடுவது இரண்டு இடத்தில். நினைவு தடுமாறும் கடைசி நாட்கள்வரை தள்ளிப்போடுவது ஒன்று. "அது 82 இல்லப்பா, 84" என்று பக்கத்திலிருந்து திருத்துவது இன்னொன்று. வருடம் தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

கைபேசியை வெளியே வைத்துவிட்டு, நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போடுங்கள். முதல் பத்து நிமிடம் அவர் ஒன்றுமே பேசாமல் இருக்கலாம். எழுந்து போய்விடாதீர்கள்.